பாதியில் நின்ற கொடியும் உயிரோடிருக்கும் நானும்

அனுப்புநர்
வில்ஃப்ரெட் டக்வெல் (வயது 83),
குளக்கரைத் தெரு, கடைசிக்கு முந்தைய வீடு,
பிராம்ஸ்கோட் கிராமம்,
லிங்கன்ஷையர்.

பெறுநர்
உயர்திரு. லயனல் பின்ச்பெக் அவர்கள்,
தலைவர், ஊராட்சி மன்றம்,
பிராம்ஸ்கோட்.

பொருள்: புனித ஜார்ஜ் நாளன்று ஊர்க்கொடி அரைக்கம்பத்தில் சிக்கி நின்றது – அதனால் நான் இறந்துவிட்டதாக ஊர் முடிவு செய்தது – கொடிக்கம்பத்தை அகற்றும் தீர்மானத்தைக் கைவிடவும், கயிற்றின் மறுபக்கத்துக்கு ஆள் நியமிக்கவும் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் உயிரோடு இருக்கிறேன். மனுவில் இதை முதல் வரியாகச் சொல்வது வழக்கமில்லை என்று எழுதிக்கொடுப்பவர் சொல்கிறார். ஆனால் மன்றத்தின் அறிவிப்புப் பலகையில் என் இரங்கல் செய்தி இன்னும் தொங்குகிறது. அதைப் படித்த கையோடு இதைப் படிப்பவர்கள் பயந்துவிடக் கூடாது.

1. நான் படிக்காதவன். மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்தில் ஒதுங்காதவன் என்று சொல்லிக்கொள்ள முடியாது; நம் ஊர் மழைக்கு யாரும் எங்காவது ஒதுங்கித்தான் ஆக வேண்டும். ஒதுங்கினேன். மழை விட்டதும் உருளைக்கிழங்கு வயலுக்குப் போய்விட்டேன். அதனால் இம்மனுவை நான் சொல்லச் சொல்ல எழுதுபவர் ‘பச்சை டிராகன்’ மதுக்கடையை நடத்தும் மொய்ரா கெர். அவர் ஸ்காட்லாந்துக்காரர். டிராகனைக் கொன்ற புனிதரின் நாளைப் பற்றி, டிராகன் பெயர் எழுதிய கடையில் உட்கார்ந்து, ஸ்காட்லாந்துக்காரர் கையால் எழுதி வாங்க வேண்டிய நிலையில் ஓர் இங்கிலாந்துக்காரன் இருக்கிறான் என்பதைத் தாங்கள் கருணையோடு கவனிக்க வேண்டும்.

2. நம் புல்திடலில் நிற்கும் கொடிக்கம்பம் மகாராணியாரின் முடிசூட்டு விழா ஆண்டில் நட்டது. அன்றும் மழை. குழி வெட்டியவர்கள், மரம் கொடுத்தவர், ஆசி கூறிய குருவானவர் எல்லோரும் ஆலயத்துக் கல்லறைத் தோட்டத்தில் படுத்துவிட்டார்கள். அன்று முதன்முதலாகக் கயிற்றைப் பிடித்த இருவர் மட்டும் இன்னும் நடமாடுகிறோம். ஒருவன் நான். மற்றவர் என் பக்கத்து வீட்டுக்காரர், ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் சிரில் பான்டாஃப்ட். நான் இழுத்தேன், சிரில் மறுபக்கத்தை விட்டுக்கொடுத்தான். (‘விட்டுக்கொடுத்தார்’ என்று திருத்தச் சொல்கிறார் மொய்ரா. அன்றைக்கு அவனுக்கு அரைக்கால் சட்டை. அப்படியே இருக்கட்டும்.)

கொடியின் கயிறு இரண்டு போலத் தெரியும், உண்மையில் ஒன்றுதான். மேலே கப்பியில் வளைந்து இரு பக்கமும் தொங்குகிறது. ஒருவர் ஒரு பக்கத்தை இழுக்க வேண்டும். இன்னொருவர் மறுபக்கத்தை இறுக்கிப் பிடிக்கவும் கூடாது, தொளதொளவென்று விடவும் கூடாது. கை வழியே கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுக்க வேண்டும். இழுக்கிறவனைத்தான் ஊர் பார்க்கும், கைதட்டும். விட்டுக்கொடுக்கிறவர் கம்பத்துக்குப் பின்னால் நிற்பார். ஆனால் அவர் இல்லாவிட்டால் கொடி ஏறாது. அப்படி அறுபது ஆண்டுக்கு மேல், ஒவ்வொரு ஏப்ரல் இருபத்து மூன்றாம் தேதியும், நடுவில் வந்த அரச கல்யாணங்களுக்கும், அவரும் நானும்தான் அந்தக் கயிற்றின் இரண்டு பக்கமும் நின்றோம்.

3. இங்கே நம் கொடியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. ஐரிஷ்காரர்களின் புனிதர் நாள் வந்தால் உலகமே பச்சைச் சட்டை போட்டுக்கொண்டு குடிக்கிறது. வேல்ஸ்காரர்கள் வெங்காயத் தாளைச் சட்டையில் குத்திக்கொண்டு பாடுகிறார்கள், ஒருவரும் சிரிப்பதில்லை. ஸ்காட்லாந்துக்காரர்களைப் பற்றி நான் சொன்னதை எழுத மொய்ரா மறுக்கிறார். நம் புனிதர் நாள் வந்தால் மட்டும் நாம் ஒருவரையொருவர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு வானிலையைப் பற்றிப் பேசுகிறோம். அறுபத்தாறில் உலகக் கோப்பையை வென்ற அன்று இதே மதுக்கடையின் தொலைக்காட்சியில் நான் பார்த்தேன். அரங்கத்தில் ஆட்டியதெல்லாம் மூன்று நாட்டுச் சிலுவைகள் ஒன்றாய்ச் சேர்ந்த பிரிட்டனின் பெரிய கொடி. நம்முடைய வெள்ளைத் துணிச் செஞ்சிலுவையை எடுத்துப்போக யாருக்கும் தோன்றவில்லை. ஜெயித்தது யார் என்று சொல்லிக்கொள்வதில் நமக்கே அப்போது கூச்சம். பிறகு ஒரு காலம் வந்தது. அந்தச் சிலுவையைக் கன்னத்தில் பூசிக்கொண்டு, பந்தாட்டம் பார்க்கப் போன இடத்தில் நாற்காலி வீசுகிறவர்கள் வந்தார்கள். அதற்கப்புறம் ஒரு வீட்டு ஜன்னலில் அந்தக் கொடி தொங்கினால், உள்ளே இருப்பவர் பந்தாட்டப் பிரியரா, சண்டைக்காரரா, வெறுமனே திரைச்சீலை வாங்க வசதியில்லாதவரா என்று தெரியாமல் தபால்காரர் தயங்குகிறார்.

4. எனக்கும் சிரிலுக்கும் பிளவு வந்தது இதனால்தான். ஆறு ஆண்டுகளுக்கு முன், ஊரில் கார்களிலெல்லாம் சின்னச் சின்னக் கொடி பறந்த அந்த உலகக் கோப்பைக் கோடையில், ஊர்க்கூட்டத்தில் சிரில் எழுந்து நின்றார். “அந்தக் கொடியப் பாத்தா எனக்கு பீர் பாட்டில் பறக்குறதுதான் ஞாபகம் வருது. போதாக்குறைக்கு அந்த ஜார்ஜ் நம்ம ஆளே இல்ல. துருக்கிப் பக்கத்துக்காரர். இந்த மண்ணுல ஒரு தடவகூடக் கால் வெச்சதில்ல” என்றார்.

நான் இருந்த இடத்திலிருந்தே சொன்னேன்: “ரோடு போடுற இன்ஜினியரும்தான் இந்த மண்ணுல ஒரு தடவகூடக் கால் வெச்சதில்ல. அவரு இருக்காருன்னு நாம நம்பலயா?”

கூட்டம் சிரித்தது. அதுதான் வினையாகப் போயிற்று. வாழ்நாள் முழுக்க வகுப்பறையில் சிரிப்பை அடக்கியே பழகியவர் சிரில். படிக்கத் தெரிந்தவனோடு வாதம் செய்யலாம் என்று எனக்குக் கேட்கும்படி சொல்லிவிட்டு உட்கார்ந்தார். கயிறு இழுக்க எழுத்து வேண்டாம் என்று நானும் அவருக்குக் கேட்கும்படி சொன்னேன். அன்றோடு பேச்சு நின்றது. என்னுடைய தள்ளுவண்டி அப்போது அவர் கொட்டகையில் இருந்தது. திருப்பித் தர வேண்டுமென்றால் ஒரு வார்த்தையாவது பேச வேண்டும். அதனால் அங்கேயே இருந்துவிட்டது. அடுத்த ஆண்டிலிருந்து மறுபக்கக் கயிற்றைத் திடலில் உள்ள பெஞ்சின் கைப்பிடியில் சுற்றி, காலால் தளர்த்தித் தளர்த்தி நான் ஒருவனாகவே ஏற்றினேன். பெஞ்சு சிரிலைப் போல விட்டுக்கொடுக்காது. ஆனால் துருக்கியைப் பற்றிப் பேசாது.

5. இவ்வாண்டு மார்ச் மாதம் மன்றத்திலிருந்து எனக்குக் கடிதம் வந்தது. மொய்ரா படித்துக் காட்டினார். என் இடுப்பெலும்பையும் மன்றத்தின் காப்பீட்டையும் கருதி, இனி கொடியைத் தலைவரே ஏற்றுவார் என்றும், எனக்கு முன்வரிசையில் நாற்காலி உண்டு என்றும், போர்வையும் தரப்படும் என்றும் அதில் இருந்தது. போர்வை என்ற இடத்தை மொய்ரா மறுபடி படிக்க வேண்டியிருந்தது. எனக்கு நம்பிக்கை வரவில்லை.

அதனால் ஏப்ரல் இருபத்து மூன்றாம் தேதி நான் திடலுக்கு வரவில்லை. வேறொருவர் கையில் அந்தக் கயிறு போவதை ஜன்னல் வழியாகக்கூடப் பார்க்கக் கூடாதென்று முன்னறைத் திரைகளை இழுத்து மூடினேன். ஐயா, நம் ஊரில் முன்னறைத் திரை பகலில் மூடியிருந்தால் என்ன பொருள் என்று எனக்குத் தெரியாதா? என் மனைவி ஐடா இறந்துபோன அன்று நானே என் கையால் மூடினேன். ஆனால் இந்தத் தடவை எனக்கு இருந்தது கோபம். கோபத்துக்கென்று தனித் திரை யாரும் விற்பதில்லை.

6. திடலில் நடந்ததை நான் நேரில் காணவில்லை. கண்டவர்கள் சொன்னவற்றைக் கோத்துச் சொல்கிறேன். பிழை இருந்தால் தாங்கள் திருத்தலாம். தாங்கள் கயிற்றைப் பிடித்தீர்கள். மறுபக்கத்துக்கு ஆள் கேட்டீர்கள். கொடி வேண்டும் என்று வாக்களித்த உறுப்பினர்கள், இழுக்கச் சொன்னால் இழுக்கிறோம், விட்டுக்கொடுக்கச் சொல்லாதீர்கள் என்றார்கள். வேண்டாம் என்று வாக்களித்தவர்கள் கையைச் சட்டைப்பையிலிருந்து எடுக்கவே இல்லை. தாங்கள் தனியாக இழுத்தீர்கள். மறுபக்கம் தளர்ந்து, காற்றில் ஆடி, கப்பியிலிருந்து வழுக்கி இடுக்கில் விழுந்தது. கொடி பாதிக் கம்பத்தில் நின்றது. மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை.

இதில் வியப்பு என்னவென்றால், முதலில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. கொடி வேண்டும் என்றவர்கள், பாதியாவது ஏறியதே என்றார்கள். வேண்டாம் என்றவர்கள், பாதியோடு நின்றதே என்றார்கள். இது மன்றம் யோசித்துச் செய்த சமரசம் என்று நினைத்து இரு தரப்பும் வந்து தங்களோடு கைகுலுக்கின. ஓர் இங்கிலாந்துக்காரனின் நாட்டுப்பற்றுக்குச் சரியான உயரம் அதுதான் என்று யாரோ சொன்னதாகக்கூடக் கேள்வி. பெருமையடிக்கவும் இல்லை, வெட்கப்படவும் இல்லை, பாதி.

அப்போது ஸ்பால்டிங் போகிற பேருந்து வந்தது. ஓட்டுநர் வெளியூர்க்காரர். கொடியைப் பார்த்தார், வண்டியை நிறுத்தினார், தொப்பியைக் கழற்றினார். உள்ளே இருந்தவர்களும் எழுந்து நின்றார்கள். அப்போதுதான் நம் ஊருக்கு உறைத்தது: அரைக்கம்பம்.

7. ஐயா, தாங்கள் உண்மையைச் சொல்லியிருக்கலாம். ‘கயிறு மாட்டிக்கிச்சு’ என்ற இரண்டு சொல் போதும். தாங்கள் தலைகுனிந்தீர்கள். அது வெட்கத்தில் குனிந்த தலை. ஊர் அதைத் துக்கம் என்று எடுத்துக்கொண்டது. ரொட்டிக்கடை ஹில்டா கிரப் தங்கள் கையைத் தொட்டு, “திடீர்னா, லயனல்?” என்று கேட்டாராம். “ஆமா, திடீர்னுதான்” என்றீர்களாம். அதைப் பொய் என்று நான் சொல்ல மாட்டேன். திடீரென்றுதான் சிக்கியது.

போனது யார் என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. கேட்டால், தனக்கு இன்னும் சொல்லப்படவில்லை என்பது வெளியே தெரிந்துவிடும். அதைவிடத் தெரிந்தது போல் நிற்பது மரியாதை. மோரிஸ் நடனக்காரர்கள் உட்கார்ந்து கால் சலங்கைகளைக் கழற்றினார்கள். பித்தளை வாத்தியக் குழு மெதுவான பாட்டு ஒன்றைத் தேடி எடுத்தது. பள்ளிப் பிள்ளைகள் செய்திருந்த காகித டிராகனைச் சத்தமில்லாமல் மதுக்கடைப் பின்கட்டுக்குக் கொண்டுபோனார்கள்; அதன் வாலை இன்னும் அங்கேதான் காண்கிறேன். வானொலியில் அரசர் நலமாக இருந்தார். அப்படியானால் யார்? அப்போதுதான் முன்வரிசையில் ஒரு காலி நாற்காலியை ஊர் பார்த்தது. அதன்மேல் ஒரு போர்வை.

“பாவம், மடிச்சபடியே இருக்கு” என்றாராம் ஹில்டா. காலையில் ரொட்டி கொண்டுபோனபோது என் வீட்டுத் திரை மூடியிருந்தது அவர் நினைவுக்கு வந்தது. முடிந்தது. போர்வை கொடுத்தே என்னை அடக்கம் செய்துவிட்டீர்கள்.

8. வீட்டுக்குள் எனக்கு ஒன்றும் தெரியாது. நண்பகலுக்கு மேல் என் தோட்டக் கதவு கிறீச்சிட ஆரம்பித்தது. திரை ஓரத்தை ஒரு விரல் அகலம் விலக்கிப் பார்த்தேன். ஹில்டா உலர்திராட்சை ரொட்டி ஒன்றை வாசற்படியில் வைத்துவிட்டு, “நிம்மதியாத் தூங்கு, என் வாத்துக்குஞ்சே” என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார். இந்தப் பக்கத்தில் பிரியமானவர்களை அப்படித்தான் கூப்பிடுவார்கள். ஆனால் ஹில்டா என்னை அப்படிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. கூப்பிடுவதெல்லாம் பெயரைச் சொல்லித்தான், அதையும் திருப்பித் தராத ரொட்டித் தட்டைக் கேட்கிற குரலில். பிறகு பூக்கள் வந்தன. ஒருவர் என் புல்வெட்டும் கத்திரியைக் கொண்டுவந்து வைத்தார். இன்னொருவர் என் ஏணியை. இரண்டும் திருடுபோய்விட்டதாக நான் நினைத்திருந்தவை. யாரும் கதவைத் தட்டவில்லை. துக்க வீட்டில் தட்டுவது தொந்தரவு.

வெளியே வந்து விசாரிக்கலாம் என்று கைத்தடியை எடுத்தேன். அப்போது ஒற்றைச் சக்கரம் ஆடுகிற சத்தம் கேட்டது. சிரில் என் தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். கறுப்புக் கோட்டு. சட்டைப் பொத்தானில் சிவப்பு ரோஜா. புனித ஜார்ஜ் நாளுக்கு நான் குத்திக்கொள்வது போல. வண்டியைச் சுவரோரம் சாய்த்துவிட்டு, மூடிய ஜன்னலைப் பார்த்து நின்றார். நான் ஒரு கை தூரத்தில், திரைக்கு இந்தப் பக்கம், மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“வில்ஃப், வண்டியக் கொண்டாந்துட்டேன். சக்கரம் ஆடுது. வாங்குறப்பவே ஆடிச்சு” என்றார்.

பிறகு சொன்னார்:

“அந்தக் கொடி எனக்கு இப்பவும் புடிக்கல. ஆனா நீ இல்லாம அது ஏறுறத நின்னு பாத்தேன். அது அதவிடப் புடிக்கல.”

ஐயா, இந்த இடத்தில் அடுப்பில் வைத்திருந்த என் கெண்டி விசிலடித்தது.

நல்ல கெண்டி அது. தெருக் கோடி வரை கேட்கும். சிரில் அசையவில்லை. நானும் அசையவில்லை. செத்தவன் வீட்டில் தேநீர்த் தண்ணீர் கொதிக்கிறது என்பது படித்தவருக்கும் படிக்காதவனுக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது. தான் சொன்னதை நான் கேட்டுவிட்டேன் என்பதும். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, வானத்தை ஒரு தடவை பார்த்து, “மழ வரும் போல” என்று பொதுவாகச் சொல்லிவிட்டு வேகமாக நடந்து போய்விட்டார்.

இதற்குப் பின் நான் எப்படி வெளியே வருவது? வந்தால் அவர் மனம் திறந்து பேசியது ஊருக்குத் தெரிந்துவிடும். ஒரு மனிதன் ஆறு வருடம் கழித்து இரண்டு நல்ல வார்த்தை சொன்னதற்கு அப்படித் தண்டிக்கலாமா? ஆகவே அன்று மாலை வரை மரியாதைக்காக நான் இறந்தே இருந்தேன்.

9. சிரிலும் ஒருவரிடமும் சொல்லவில்லை. சொன்னால் எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். ஆகவே ‘பச்சை டிராகனில்’ என் துக்க விருந்து தடையின்றி நடந்தது. எனக்குப் பசி தாங்கவில்லை. உலர்திராட்சை ரொட்டி முழுவதையும் தின்றும் தாங்கவில்லை. விளக்கேற்றும் வேளைக்கு நல்ல சட்டை போட்டுக்கொண்டு, ரோஜாவும் குத்திக்கொண்டு போனேன். கதவைத் திறந்தேன். என் பெயரைச் சொல்லி உயர்த்திய கோப்பைகள் உயர்ந்தபடியே நின்றன.

ஒருவரும் கத்தவில்லை. ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. இதை நம் ஊரின் பெருமைக்காகப் பதிவு செய்கிறேன். மொய்ரா மட்டும், “எப்பவும் குடிக்கிறதுதானே, வில்ஃப்?” என்று கேட்டுவிட்டு பீர் ஊற்றினார். ஹில்டா பன்றி இறைச்சி வைத்த சாண்ட்விச் தட்டை என் பக்கம் நகர்த்தினார். ‘வாத்துக்குஞ்சே’ திரும்பி வரவில்லை. தாங்கள் என்னைப் பார்த்து, மாலையில் காற்று கொஞ்சம் குறைந்திருக்கிறது என்றீர்கள். ஆமாம், குறைந்திருக்கிறது என்றேன். சிரில் மூலையில் உட்கார்ந்து தன் சாண்ட்விச்சைப் பாடப்புத்தகம் போல உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். என் துக்கத்துக்குச் செய்த சாண்ட்விச் நன்றாகவே இருந்தது. கடுகு மட்டும் குறைச்சல்.

10. இதோடு முடிந்திருந்தால் இம்மனுவுக்குத் தேவையில்லை. ஆனால் திங்கட்கிழமை மன்றம் கூடி, பொதுமக்களுக்கு ஏற்பட்ட மனவேதனையைக் கருத்தில் கொண்டு, இனி எந்த நாளிலும் கொடி ஏற்றுவதில்லை என்றும், உயரத் தூக்கி வண்டி வரும் வியாழக்கிழமை வந்து கொடியை விடுவிக்கும்போதே கம்பத்தையும் அறுத்து எடுத்துவிட்டு, அவ்விடத்தில் பூந்தொட்டி வைப்பது என்றும் முடிவு செய்திருப்பதாக அறிகிறேன். வேதனைப்பட்டவர்கள் யார் என்று விசாரித்தேன். அனைவரும், இறந்தவன் உட்பட, நன்றாகச் சாப்பிட்டோம்.

ஐயா, கொடி ஏற்றுவது நல்லதா கெட்டதா என்பதைப் படித்தவர்கள் பேசிக்கொள்ளட்டும். நாற்காலி வீசுகிறவன் கையில் இருப்பதால் அது அவனுடையது ஆகிவிடாது. நான் இத்தனை காலம் இழுத்ததால் என்னுடையதும் ஆகிவிடாது. துருக்கிப் பக்கத்தில் பிறந்தவர் பெயரில், கொஞ்சம் கூச்சத்தோடு, வருடத்துக்கு ஒரு நாள் ஒரு துணியை மேலே ஏற்றிப் பார்த்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போவதுதான் நம் ஊர் வழக்கம். அதில் யாருக்கும் கெடுதல் வந்ததில்லை.

எனக்கு வேறொரு நஷ்டம் இருக்கிறது. அன்று முதல் சிரில் என்னைக் கண்டால் தெருவின் எதிர்ப்பக்கம் போய்விடுகிறார். முன்பு கோபத்தில் போனார். இப்போது வெட்கத்தில் போகிறார். நடை ஒன்றுதான், எனக்கு வித்தியாசம் தெரிகிறது. நான் கூப்பிட்டால் அவர் வர மாட்டார். அவர் வராமல் நான் கூப்பிட மாட்டேன். அந்தக் கம்பமும் போய்விட்டால் எனக்கும் அவருக்கும் இடையில் மிச்சம் இருப்பது ஒரு தள்ளுவண்டி. அதன் சக்கரமும் ஆடுகிறது.

ஆகவே தங்களைப் பணிவோடு கேட்டுக்கொள்வது:

அ) தூக்கி வண்டி வரும்போது கயிற்றை மட்டும் கப்பியில் திருப்பி ஏற்றிவிட்டு, கம்பத்தை நின்ற இடத்திலேயே நிற்க விட வேண்டும். பூந்தொட்டியைத் தாங்கள் விரும்பினால் அதன் அடியில் வைக்கலாம். ரோஜா வைக்கவும்.

ஆ) அதே வியாழக்கிழமை, புனித ஜார்ஜ் நாள் தாண்டிப் போயிருந்தாலும், கொடியை ஒரு தடவை உச்சி வரை ஏற்றி இறக்க வேண்டும். பாதியில் நின்றதை முழுதாக்காமல் மடித்து வைப்பது முறையல்ல. இழுக்க நான் வருகிறேன். என் இடுப்பெலும்பு என் பொறுப்பு என்று எங்கே குறி போடச் சொன்னாலும் போடுகிறேன். போர்வையைத் தாங்களே வைத்துக்கொள்ளலாம்.

இ) கயிற்றின் மறுபக்கத்தைப் பிடித்து விட்டுக்கொடுக்க, முன் அனுபவம் உள்ள திரு. சிரில் பான்டாஃப்ட் அவர்களை நியமித்து, மன்றத்தின் முத்திரையோடு உத்தரவு அனுப்ப வேண்டும். இதுதான் என் முக்கியமான கோரிக்கை. மற்ற இரண்டும் இதற்காகத்தான். நண்பன் அழைப்பை அவர் தட்டுவார். அரசு உத்தரவை வாழ்நாளில் தட்டியதில்லை. கொடி பிடிக்கவில்லை என்று அவர் சொன்னால், பிடிக்க வேண்டியது கயிற்றை மட்டும்தான் என்று உத்தரவில் ஒரு வரி சேர்க்கவும். ஜார்ஜ் துருக்கிப் பக்கத்துக்காரர் என்பதை நான் இம்மனுவின் மூலம் ஒப்புக்கொள்கிறேன். அதையும் ஒரு வரி சேர்க்கலாம்.

ஈ) அறிவிப்புப் பலகையில் உள்ள இரங்கல் செய்திக்கு மறுப்பு வெளியிட வேண்டும். ஆனால் மொய்ரா படித்துக் காட்டியபடி, அதில் நான் ‘எல்லோரிடமும் இனிமையாகப் பழகியவர், ஊருக்குத் தூண் போன்றவர்’ என்று இருப்பதாகத் தெரிகிறது. இறந்தது தவறு என்று மட்டும் திருத்தினால் போதும். மற்ற விவரங்களில் மன்றம் தலையிட வேண்டாம்.

நாளது வரை தங்கள் தலைமைக்கு எதிராக நான் ஒரு சொல்லும் பேசியதில்லை. தலைகுனிந்ததைப் பற்றியும் இனி எங்கும் பேச மாட்டேன். வியாழக்கிழமை காலை ரோஜா குத்திக்கொண்டு கம்பத்தடியில் நிற்பேன். மறுபக்கத்துக்கு ஆள் வரும் வரை கயிற்றைத் தொட மாட்டேன்.

இடம்: பிராம்ஸ்கோட்
நாள்: மே 1, 2024

தங்கள் கீழ்ப்படிதலுள்ள, உயிரோடிருக்கும்,

+

(வில்ஃப்ரெட் டக்வெல், அவருடைய குறி)

சாட்சிக் குறிப்பு: மேற்கண்ட குறியை அவர் என் முன்னிலையில் போட்டார். எழுதத் தெரியாதவர்கள் வழக்கமாகப் போடுவது போலச் சாய்த்துப் பெருக்கல் குறியாகப் போடும்படி சொன்னேன். அது ஸ்காட்லாந்துக் கொடியின் சிலுவை, உயிரே போனாலும் போட மாட்டேன், போனதாகச் சொன்னபோதும் போடவில்லை என்று மறுத்து, நிமிர்த்திப் போட்டார். அவர் உயிரோடிருக்கிறார் என்பதற்கும், பிடிவாதம் குறையவில்லை என்பதற்கும் நானே சாட்சி.
– மொய்ரா கெர், ‘பச்சை டிராகன்’.

நகல்: திரு. சிரில் பான்டாஃப்ட், குளக்கரைத் தெரு, கடைசி வீடு. (பதில் எழுத வேண்டாம். எனக்குப் படிக்கத் தெரியாது. நேரில் வரவும்.)